துண்டில் ஒட்டுப்புல்

ஏறுங்க தம்பி, முன்னாலேயே உட்காருங்க. பின்னால் ஆடு ஏற்றி இறக்குகிற இடம், உங்கள் வெள்ளைச் சட்டைக்கு ஆகாது. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்க. அந்த நீள உறையை மட்டும் குறுக்கே போடாதீங்க, கியர் போட எனக்கு இடம் வேணும். அப்படி ஜன்னலோரம் சாய்த்துவிடுங்க. என்னது, முக்காலியா? கேமரா வைக்கிறதுதானே! போன மாசியில்கூட இரண்டு பேர் இதே மாதிரி முக்காலியும் தொப்பியுமாக வந்து நாள் பூரா குருவிப் படம் எடுத்தார்கள். ஒரு குருவிக்கு இரண்டு மணி நேரம்! அந்த நேரத்தில் நான் இருபது ஆடு விற்றுவிட்டு டீயும் குடித்திருப்பேன்.

தெய்வானை அம்மணி காட்டுக்கு எப்படிப் போகணும் என்று டீக்கடையில் நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. அங்கே பஸ் சாயங்காலம்தான். நடந்தால் ஏழு மைல். ஆடி பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் காற்றைப் பார்த்தீங்களா, ஆளையே தள்ளிக்கொண்டு போகிறது. நானும் அங்கேதான் போகிறேன். ஐயோ, பணமெல்லாம் வேண்டாம், உள்ளே வையுங்க. வைக்கிறீங்களா, நான் வண்டியை நிறுத்தட்டுமா?

கோபமில்லை தம்பி. என் குரலே அப்படித்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்டின் மேல் எனக்கு ஒரு பிரியமும் கிடையாது. ஊருக்குள் போனால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள், நம்பாதீங்க. அந்தக் காட்டால் எனக்குப் போனது ஒரு மெத்தை வீடு. சந்தைக்கு நேர் எதிரில், மாடியும் கம்பி போட்ட பால்கனியுமாக. விலை பேசி முடித்து, எந்த மூலையில் நாற்காலி போடுவது என்று வரைக்கும் நினைத்து வைத்திருந்தேன். அந்தக் காட்டை விற்றுக்கொடுக்கிற தரகு கைக்கு வந்திருந்தால் இந்நேரம் மேலே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு, கீழே எவன் எந்த ஆட்டில் ஏமாறுகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். போச்சு. எல்லாம் ஒரு புல்லால்.

என் பெயர் ராக்கியண்ணன். சந்தையில் கேட்டால் 'கத்திரி' என்பார்கள், கத்திரி வெயில் இருக்கிறதல்லவா, அது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஒன்பது வயதில் சந்தையில் ஆட்டுக் கயிறு பிடிக்க நின்றேன், ஒரு ஆட்டுக்கு ஒரு டீ கூலி. பதினாறு வயதில் சொந்தமாக ஒரு ஆடு வாங்கினேன். வயிறு கும்மென்று, நடந்தால் ஆடும். வீட்டுக்குக் கொண்டுவந்து காலையில் பார்த்தால் எலும்பும் தோலுமாக நிற்கிறது. உப்பைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து விற்றிருக்கிறான் பாவி. அந்த ஒரு ராத்திரியில் நான் காலேஜ் படித்து முடித்தேன் தம்பி. அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் என்னை ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏமாற்றினார் என்று சொல்லச் சொல்லுங்க பார்க்கலாம்.

தெய்வானை அம்மணியா? அது ஏமாற்று இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன வருஷம் இதே ஆடி. சந்தையில் நான் ஒருத்தனோடு கத்திக்கொண்டிருந்தேன், எதற்கு என்பது மறந்துவிட்டது. கூட்டத்துக்கு வெளியே ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், ஆம்பிளைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, கையில் மாட்டுக் கயிறு. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக நின்றுவிட்டுக் கிட்டே வந்தாள்.

"ஏனுங்க, போன மாசம் தாசில்தார் ஜீப்பை மறிச்சுச் சண்டை போட்டது நீங்கதானுங்களா?"

"நாந்தானம்மணி. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்லீங்க. எங்க கொறங்காடு நாப்பது ஏக்கரு, விக்கோணும். நீங்கதான் பேசித் தரோணும்."

கொறங்காடு தெரியுமல்லவா உங்களுக்கு? ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்ட புல்லுக்காடு. சுற்றிலும் கிளுவைமுள் வேலி, நடுவே அங்கங்கே வேலமரம், மற்றதெல்லாம் புல். தெய்வானைக்கும் அவள் தம்பி பூபதிக்கும் பொதுவில் இருந்தது. பூபதி திருப்பூரில் பனியன் தைக்கிற யூனிட் வைத்திருக்கிறான். சோலார் தகடு பதிக்கிற ஒரு கம்பெனி நிலம் தேடுகிறது, விற்றுவிடலாம் அக்கா என்று நச்சரிக்கிறான். இவள் கையெழுத்தில்லாமல் நடக்காது. சரிடா, கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் தரகர் நான் சொல்கிற ஆள்தான் என்று இவள் சொல்லிவிட்டாள்.

எனக்கு முன்னால் இரண்டு தரகரைப் பார்த்து வேண்டாம் என்றிருக்கிறாள். ஒருத்தர் பேச்சில் தேன் ஒழுகும், எதிராளி காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு சிரிப்பார். "ஏன் அம்மணி, அவரு கெட்டிக்காரராச்சே?" என்று கேட்டேன்.

"ரொம்பப் பொறுமைசாலிங்க அவரு. எனக்கு ஆகாதுங்க."

பார்த்தீங்களா? ஆளைப் பார்த்தவுடனே திறமை தெரிந்துகொள்கிற கண். எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது.

அவள் போட்ட நிபந்தனை இரண்டுதான். கம்பெனிக்காரரைக் கார்த்திகையில் வரச் சொல்லணும், மழை பெய்து புல் எழுந்த பிறகு. அதுவரைக்கும் நான் வாரம் ஒருமுறை வந்து காட்டைச் சுற்றிப் பார்க்கணும். நான் எகிறினேன். "எனக்கு வேற பொழப்பில்லையா? நெலத்தை ஒருதடவ பாத்தாப் பத்தாதா?"

"நீங்க ஆடு வாங்கறப்ப பல்லுப் புடிச்சுப் பாப்பீங்களா மாட்டீங்களா?"

"பாப்பேன்."

"அப்பறம்? விக்கிற சரக்கு என்னன்னு தெரியாமெ வெலை பேசறது எப்பிடீங்க?"

வியாபாரத்தில் எனக்கே பாடம் சொல்கிறாள் என்று ஒரு கோபம். ஆனால் சொன்னது நியாயம். போனேன்.

முதல் நாள் போய்ப் பார்த்தால், தம்பி, இப்போது ரோட்டின் இரண்டு பக்கமும் தெரிகிறதே, இதேதான். பழுப்பு. இலையில்லாத கிளுவைவேலி, காய்ந்த தூர், பறக்கிற மண். "இதென்ன அம்மணி, பொட்டலாக் கெடக்குது! இதுக்கு எவன் காசு குடுப்பான்?" என்று கத்தினேன். அவள் அங்கேயே உட்கார்ந்து, ஒரு புல்தூரை விரலால் விலக்கிக் காட்டினாள். அடியில், மண்ணோடு மண்ணாக, நகத்தளவு பச்சை.

"செத்துப்போச்சுன்னு நெனச்சீங்களா? மூச்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குதுங்க."

அதன் பேர் கொழுக்கட்டைப் புல். அந்தக் காடு மொத்தம் எட்டுத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வேலி, நுழைகிற இடத்தில் தனிப் படல். ஒரு துண்டில் மேயவிட்டு, அடுத்த துண்டுக்கு மாற்றி, எட்டும் சுற்றி முதலுக்கு வருவாள். எப்போது மாற்றுவது? புல்லோடு சேர்த்துக் கையை நிறுத்தி அளப்பாள். நாலு விரல் உயரம் நிற்கிற வரைக்கும் ஆடு மேயலாம். அதற்குக் கீழே ஒரு வாய்கூடக் கூடாது. அவள் முப்பாட்டன் காலத்திலிருந்து அந்த நாலு விரல்தான். காட்டில் யார் வந்தாலும் முதல் சட்டம் படலைச் சாத்துவது. நான் மூன்று தடவை மறந்தேன். மூன்று தடவையும் என்னை வாசல்வரைக்கும் திருப்பி அனுப்பினாள். என்னை! சந்தையில் நான் வருகிறேன் என்றால் ஆடே வழிவிடும்.

இன்னொரு நாள் வண்டியை நேரே காட்டுக்குள் ஓட்டிவிட்டேன். ஒரு ஆள்காட்டிக் குருவி வந்து கண்ணாடி முன்னால் நின்று கத்துகிறது. நகரவே மாட்டேன் என்கிறது. நானும் ஹார்ன் அடிக்கிறேன், அதுவும் கத்துகிறது. இறங்கிப் பார்த்தால் டயருக்கு ஒரு முழம் முன்னால், வெறும் தரையில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக நாலு முட்டை. அதன் தொண்டையைக் கேட்டீர்கள் என்றால் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்து தரகராகப் போடலாம். அன்றைக்கு வண்டியைப் பின்னாலேயே எடுத்தவன், இப்போதெல்லாம் ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே போகிறேன். டீசல் மிச்சம். வேறொன்றுமில்லை.

புரட்டாசி கடைசியில் மழை பிடித்தது. நான் நாலு நாள் கழித்துப் போகிறேன். படலைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வேறே யாருடைய காட்டுக்கோ வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். ஐப்பசி முடிய இடுப்பு உயரம். வெள்ளையும் ஊதாவுமாகக் கதிர். காற்று ஒரு ஓரத்தில் நுழைந்தால் மறு ஓரம் வரைக்கும் அப்படியே முதுகு முதுகாக நகரும், ஆயிரம் ஆட்டை ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி. எண்ணிப் பார்க்கலாம் போலிருக்கும். நானும் எண்ணினேன். சரக்கு தெரிந்துகொள்ளத்தானே போனேன்! ஒரு தடவை அப்படியே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்ததில் வெள்ளகோவிலில் ஒரு நல்ல ஏவாரம் கைவிட்டுப் போய்விட்டது. என் சம்சாரம் கேட்டாள், "எங்கே போனீங்க?" வண்டி பஞ்சர் என்று சொன்னேன்.

அங்கே ஐந்தாவது துண்டில், வேலமரத்தடியில் ஒரு கல் நிற்கிறது. என் நெஞ்சு உயரம். வாரா வாரம் அதில்தான் முதுகைச் சொறிந்துகொள்வேன், அப்படி வாட்டமாக இருக்கும். ஒரு நாள் தெய்வானை பார்த்துவிட்டாள்.

"அடக் கடவுளே! திரும்பிப் பாருங்க, யார் மேல சாஞ்சிருக்கீங்கன்னு."

திரும்பினேன். கல்லில் ஒரு ஆள். கொண்டை போட்ட ஆள். கையில் ஈட்டி. எதிரே இரண்டு காலில் எழுந்து நிற்கிறது ஒரு புலி. ஈட்டி அதன் வாய்க்குள் போய் முதுகில் வருகிறது. புலிகுத்திக் கல். மாட்டைப் பிடிக்க வந்த புலியோடு மல்லுக்கட்டி, அதையும் கொன்று தானும் செத்துப்போன ஒருத்தனுக்கு நட்ட கல். எத்தனை நூறு வருஷமோ. பெயர்கூட இல்லை.

"இங்க புலியா அம்மணி? இந்த வெட்டவெளியிலயா?"

"புல்லிருந்தா மானிருக்கும், மாடிருக்கும். மாடிருந்தாப் புலி வராதுங்களா? அப்போ எட்டுத் துண்டும் இல்லை, வேலியும் இல்லை. இங்கிருந்து அமராவதி ஆறு வரைக்கும் ஒரே புல்லுன்னு எங்கய்யன் சொல்லுவாருங்க."

நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏவாரி மூளை, என்ன பண்ணுவது, உடனே ஒரு கணக்கு ஓடியது. ஒன்றுக்கும் ஆகாத பொட்டலுக்காக எவனாவது புலியோடு கட்டிப் புரள்வானா? உயிரைக் கொடுத்திருக்கிறான் என்றால் சரக்கு அவ்வளவு பெரிய சரக்கு. இது ஒன்று போதும், கம்பெனிக்காரனிடம் விலையை ஏற்றிவிடலாம்! அப்படித்தான் நினைத்தேன். அதற்கப்புறம் அதில் முதுகு சொறிவதில்லை. கல்லு கொஞ்சம் கூர்மை, சட்டை கிழிகிறது.

அந்த மழையில்தான் இதுவும் கிடைத்தது. பொறுங்க, பர்ஸை எடுக்கிறேன், நீங்கள் ஸ்டீயரிங்கைப் பார்க்காதீங்க, ரோடு நேர்தான். இந்தாங்க. சிவப்பு மணி. சின்ன ஓட்டை பாருங்க, ஊசி போகாது. மழை மண்ணைக் கழுவிவிட்ட இடத்தில் ரத்தத்துளி மாதிரி கிடந்தது. ஒரு காலேஜ் வாத்தியார் பார்த்துவிட்டுச் சூதுபவளம் என்றார். அந்தக் காலத்தில் இந்தப் புல்லுக்காட்டு வழியாகத்தான் ஏவாரிகள் மேற்கே கடற்கரைக்கு மணி கொண்டு போனார்களாம். ஏவாரிகள்! அப்போதும் நம் ஆட்கள்தான் நடந்திருக்கிறார்கள். எவனோ ஒருத்தன் நடந்த களைப்பில் மூட்டை ஓரம் பிரிந்தது தெரியாமல் போயிருக்கிறான். எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்திருக்கும், வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பான். காங்கேயத்தில் நகைக்கடையில் காட்டினேன். ஒன்றும் பெறாது, தூக்கிப் போடுங்க என்றான். விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறேன். கொடுங்க இப்படி. கெட்டியாகப் பிடிங்க, கீழே விழுந்தால் தெரியும் உங்களுக்கு. ம், சரி.

கார்த்திகை வந்தது. கம்பெனி ஆள் வந்தார். பெயர் ஜெயதேவ். நல்ல பையன், பொய் சொல்லக் கூடாது. காலில் பளபளவென்று ஷூ, கையில் பலகை மாதிரி ஒரு போன். பூபதி கூடவே வந்தான், பத்திரம் எழுதுகிற ஆளையும் காரிலேயே உட்கார வைத்துக்கொண்டு. தெய்வானை எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"அந்தத் தம்பி இதைத் தரிசுன்னு சொல்லுமுங்க. கல்லைப் பத்திக்கூட ஏதாச்சும் சொல்லும். நீங்க கோவப்படாதீங்க. உங்களுக்குக் கோவம் வந்துட்டா அவ்வளவுதான்னு சந்தையே சொல்லுது."

பாவம், நிலம் விற்காமல் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். "நீ பேசாம இரு அம்மணி, நான் பாத்துக்கறேன்" என்று தைரியம் சொன்னேன்.

இங்கே ஒன்று உங்களுக்குத் தெரியணும். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். தோள் துண்டைப் போட்டுக் கையை மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவோம். கையை முழுசாகப் பிடித்தால் முடிந்தது. பேச்சு நடக்கும்போது தரகன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுவிட்டானோ, முறிந்தது. அடுத்த ஆடி வரைக்கும் அந்தச் சரக்கைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. எழுதின சட்டம் இல்லை. ஆனால் மீறினவன் கையை இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒருத்தன் தொட மாட்டான்.

ஜெயதேவுக்கு விரல் பேச்சுத் தெரியாது. அதனால் துண்டை மடியில் போட்டுக்கொண்டு வேலமரத்தடியில் வாயால்தான் பேசினோம். அவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "சார், இது ரெக்கார்டுலயே தரிசுதான். சும்மா கிடக்கிற நிலம்."

நான் கோபப்படவில்லை. சிரித்தேன்கூட. எழுந்து அவர் கையைப் பிடித்தேன். "வா தம்பி, சும்மாக் கெடக்கறதைக் காட்டறேன்." எட்டுத் துண்டும் நடத்தினேன். வேலங்காயைப் பறித்து வாயில் போட்டு மெல்லச் சொன்னேன், ஆட்டுக்குக் கோடையில் இதுதான் சோறு. புல்லைப் பிடுங்கி வேரைக் காட்டினேன், இது போகிற ஆழத்துக்கு உங்கள் கம்பெனியில் குழி தோண்டினது உண்டா என்று கேட்டேன். வானம்பாடி ஒன்று நேர்க்குத்தாக மேலே போய்ப் பாடிக்கொண்டே நின்றது. "அதுக்குச் சம்பளம் குடுக்குதா உங்க கம்பெனி? சும்மாவா கெடக்குது?" எல்லாம் விலையை ஏற்றத்தான் தம்பி! சரக்கின் பெருமையைச் சொன்னால்தானே விலை ஏறும்!

ஏறியதும் ஏறியது. மூன்று தடவை ஏற்றினார். பூபதி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கிறான், போதும் மாமா, போதும் மாமா என்று. என் மெத்தை வீட்டுக்கு மேலே இன்னொரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. கடைசியாக அந்தக் கல்லுக்கு வந்தோம். புலியைக் காட்டினேன். ஈட்டியைக் காட்டினேன். "ஒருத்தன் உசுரக் குடுத்த எடம் இது" என்றேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், காற்றில் தூசி.

ஜெயதேவ் நல்ல மனசோடுதான் சொன்னார். "பிரச்சனையே இல்ல சார். ஜேசிபி வெச்சு ஒரு பத்து நிமிஷத்துல ஓரமா நகத்தி வெச்சிடலாம்."

அவ்வளவுதான்.

என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. இரண்டு மைலுக்கு அந்தப்பக்கம் உழுதுகொண்டிருந்தவன் கேட்டானாம். ஓரமாக நகர்த்த அது என்ன உன் வீட்டுக் கட்டிலா என்று ஏதோ கேட்டிருக்கிறேன். புலிக்கே நகராதவன் உனக்கு நகர்வானா என்றும் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன் ஷூவோடு பின்பக்கமாகவே நடந்து கிளுவைவேலியில் போய் மாட்டிக்கொண்டான். நான் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து...

இதைத்தான் கவனமாகக் கேட்கணும் நீங்கள். ஊரெல்லாம் இதைத்தான் தப்பாகச் சொல்கிறது. கார்த்திகை மாசம், புல்லுக்குள் எட்டுத் துண்டும் நடந்திருக்கிறேன். தோள் துண்டெல்லாம் ஒட்டுப்புல். கழுத்தில் குத்துகிறது. அதற்காக உதறினேன். ஒட்டுப்புல் போகட்டும் என்று இரண்டு உதறு உதறித் தோளில் போட்டேன். வேறே ஒரு எண்ணமும் கிடையாது, சத்தியமாக.

உதறின சத்தம் அடங்கவில்லை, தெய்வானை சொல்லிவிட்டாள். "துண்டு உதறியாச்சு பூபதி. இனி அடுத்த ஆடிக்குத்தான்."

"அக்கா, அவரு புல்லைத்தானே..."

"உதறினா உதறினதுதாண்டா. நாளைக்கு நம்ம மாட்டுக் கயித்த எவன் தொடுவான்?"

பூபதி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நானும் "அம்மணி, நான் முறிக்கலே, ஒட்டுப்புல்லு..." என்கிறேன். அவள் கேட்டால்தானே! "பரவாயில்லீங்க, என்னமோ ஆகிப்போச்சு, விடுங்க" என்று ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவு பெரிய நஷ்டத்திலும் அவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை தம்பி. சிரித்துக்கொண்டே இருந்தாள். என் மனசு நோகக் கூடாது என்று. எப்பேர்ப்பட்ட குணம் பாருங்க! ஜெயதேவுக்கும் முள்ளை எடுத்துவிட்டு மோர் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

எல்லோரும் போன பிறகு எனக்கு வெறுப்பு. வந்ததற்கு ஏதாவது கறக்காமல் போகக் கூடாது என்று, "எந் தரகு போச்சு, எந் நூத்தம்பது ஆட்டுக்காச்சும் உங்காட்டுல புல்லுக் குடு" என்று கேட்டேன். அவள் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"போடுங்க துண்டை."

எனக்கு வேர்த்துவிட்டது. நாற்பது வருஷத்தில் ஒரு பொம்பிளையோடு நான் துண்டு போட்டதில்லை. விரலைப் பிடிக்கணுமே! "வாயால சொல்லு அம்மணி" என்றேன்.

"சரக்கு பேசறதுன்னா மொறையாப் பேசோணும். எங்கய்யனோட சந்தைக்கு வந்தவ நானு, வெரலு தெரியாதுங்களா? போடுங்க."

போட்டேன். வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கையை நீட்டினேன். டக்கென்று என் நாலு விரலைப் பிடித்தாள். விரலுக்குப் பத்து, ஆக நாற்பது! நூற்றைம்பது எங்கே, நாற்பது எங்கே! எதிர்விரல் பிடிக்கலாம் என்றால், அந்தப்பக்கம் ஆடு மேய்க்கிற கிழவர் ஒருத்தர் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று கையை முழுசாகக் கொடுத்துவிட்டேன். முடிந்தது. நாற்பது ஆடு, நாலு விரல் சட்டம். மாற்றுகிற நாளில் நானே வந்து ஓட்டணும், படலை நானே சாத்தணும், வேலியில் இடைவெளி விழுந்தால் கிளுவைக்குச்சி நானே நடணும்.

ஆனால் ஒன்று பாருங்க, புல்லுக்குக் காசு வாங்கவில்லை. காசே இல்லாமல் நாற்பது ஏக்கர் புல்! யார் ஜெயித்தது? சொல்லுங்க. என்ன சிரிக்கிறீங்க?

இதோ வந்துவிட்டோம். வண்டி இங்கேயே நிற்கட்டும், டீசல் மிச்சம். இறங்குங்க. இந்தப் படல்தான். பார்க்கிறீங்களா, இப்போது ஒன்றும் தெரியாது. வெறும் பழுப்பு. ஆனால் இப்படி உட்கார்ந்து தூரை விலக்கினால்... பார்த்தீங்களா? நகத்தளவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கார்த்திகையில் வந்திருக்கணும். குருவியெல்லாம் அப்போதுதான் நன்றாகப் படத்தில் விழும். அந்த உறையை ஏன் இப்போதே பிரிக்கிறீங்க? உள்ளே வந்து...

இது என்ன தம்பி? கேமராவா இது? மஞ்சள் பெட்டியாக இருக்கிறதே. ரோட்டில் பாலம் கட்டுகிறவர்கள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்களே, அது மாதிரி இருக்கிறதே.

ஓ.

அளக்க வந்திருக்கீங்க. யார் அனுப்பினது? பூபதியா? ம். வேறே கம்பெனியா, அதே கம்பெனியா? வேறே. சரி, சரி. ஆடி மூன்று இன்றைக்கு. நாள் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறான். பேச்சு எடுக்கலாம், தப்பில்லை. வழி முழுக்க ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்கள்? அது சரி, நான் எங்கே சொல்லவிட்டேன்!

கோபமா? எனக்கா? இல்லை தம்பி. உங்கள் வேலை நீங்கள் செய்கிறீங்க. அந்தப் பெட்டியை மட்டும் கீழே வையுங்க, பார்த்து, அந்தப்பக்கம் வேண்டாம், அங்கே கூழாங்கல் மாதிரி இருப்பதில் நாலு முட்டையாக இருக்கும். இப்படி நிழலில் வையுங்க. அதோ, அம்மணி நம்மைப் பார்த்துவிட்டாள். மோர்ச் சொம்போடுதான் வருகிறாள், பாருங்க, தூரத்திலேயே சிரிக்கிறாள். உங்களுக்கும் ஒரு சொம்பு உண்டு. குடித்துவிட்டு உட்காருங்க, பஸ் நாலரைக்கு. இல்லாவிட்டால் ஆட்டை மாற்றிவிட்டு நானே கொண்டுபோய் விடுகிறேன்.

தரகர் யாரா? வேறு யார், நான்தான். அவள் கையெழுத்துப் போடணும் என்றால் என்னிடம்தான் பேசணும். பேசலாமே, இப்போதே பேசலாம். உட்காருங்க. நீங்கள் சொல்லுங்க, என்ன விலை என்று...

ஒரு நிமிஷம் தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என் தோள் துண்டு பூரா ஒட்டுப்புல்.

எங்கே இருக்கிறது என்கிறீங்களா? ஆடி மாசத்தில் ஏது ஒட்டுப்புல் என்கிறீங்களா? உங்கள் கண்ணுக்குத் தெரியாது. முதல் தடவை வருகிறவருக்கு இந்தக் காட்டில் ஒன்றுமே தெரியாது. எனக்கே தெரியவில்லையே, போன வருஷம்.

இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உதறணும்.